அசலைத் தொடாத கழகம்

சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே, வாரத்தில் மூன்று நாள், இறந்துபோன ஒருவருக்காக வேன் வந்து நிற்கிறது. நம்பாதவர்கள் காலையில் ஒருநடை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இம்ரான் பலரிடம் சொல்லியிருக்கிறான். வேன் வரும். ஓட்டுநர் அகிலன் இறங்கி ஏழாவது மாடியை அண்ணாந்து பார்ப்பார். அங்கே குடியிருந்த ரத்தினம்மாவைப் போன வருடமே மண்டாய்க்குக் கொண்டுபோய் எரித்தாகிவிட்டது. இப்போது அந்த வீட்டில் ஒரு சீனக் குடும்பம் இருக்கிறது. ஆனாலும் பட்டியலில் பெயர் இருப்பதால், விதிப்படி பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுத்தான் வேன் கிளம்பும்.

அந்தப் பத்து நிமிடமும் வேனுக்கு அருகிலேயே ஜைனப் நிற்பார். இம்ரானின் உம்மா. கையில் பை, தோளில் குளிருக்கு ஒரு போர்வை. ரத்தினம்மா போய்க்கொண்டிருந்த அதே கிளமெண்டி டயாலிசிஸ் நிலையத்துக்குத்தான் அவரும் போகவேண்டும்.

"தம்பி, சீட்டு காலியாத்தானே கெடக்கு?"

"காலி இல்லம்மா. ரத்தினம்மா சீட்டு அது."

"அவங்க மவுத்தாகி வருசம் ஒண்ணாச்சே!"

"எனக்குத் தெரியும்மா. இந்த டேப்லெட்டுக்குத் தெரியலையே. பேரு இல்லாத ஆள ஏத்தக்கூடாது லா. போன மாசம் ஒரு ஆன்ட்டிய ஏத்துனதுக்கே வார்னிங் லெட்டர் குடுத்துட்டாங்க."

வேன் போய்விடும். இம்ரான் கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்து டாக்ஸி தேடுவான். போகும்போது பரவாயில்லை, அவன் கூடவே போவான். திரும்பும்போதுதான் தொல்லை. நான்கு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டு வரும் உடம்பு நிற்காது. ஒருநாள் லிஃப்ட் வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு, "ஒரு நாள் விட்டாத்தான் என்னவாம்?" என்று கேட்கத் தொடங்கியிருந்தார். ஒரு நாள் விட்டால் என்னவாகும் என்று மருத்துவர் இம்ரானைத் தனியாக அழைத்துச் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் பட்டியல் இருக்கும் இணையதளத்தைப் பராமரிப்பவனே இம்ரான்தான்.

வேனை அனுப்புவது சிராங்கூன் சாலையில், ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கும் நலப்பயண ஒருங்கிணைப்புக் கழகம். முதியோரை மருத்துவ நிலையங்களுக்கு இலவசமாக ஏற்றிப்போய் இறக்கிவிடுவது அதன் பணி என்று பெயர்ப்பலகை சொல்கிறது. இம்ரான் அங்கே ஒப்பந்த நிரலர். அவனுக்கு முன்னால் யாரோ பிஎச்பி என்னும் கணினி மொழியில் எழுதிவிட்டுப் போன நிரலை, ஒழுகும் கூரைக்கு அடியில் வாளி வைப்பதுபோல, ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

உம்மாவின் பெயரை அவனே பலமுறை பதிவு செய்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் பச்சை நிறத்தில், "வெற்றிகரமாகச் சேர்க்கப்பட்டது. தங்கள் நம்பிக்கைக்கு நன்றி" என்று வந்தது. மின்னஞ்சலில் ஒரு நன்றிக் கடிதமும் வந்தது, இயக்குநர் சுந்தரத்தின் சிரித்த படத்துடன். பட்டியலில் மட்டும் பெயர் வரவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்து நோண்டியதில் விஷயம் பிடிபட்டது. பயனாளர் பட்டியல் நிரலுக்குள் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. யாரும் நேராகத் தொடமுடியாது. கேட்பவருக்கு எடுத்துக்கொடுக்க ஒரு செயற்கூறு; பிஎச்பிக்காரர்கள் அதை மாயச் செயற்கூறு என்றே சொல்வார்கள். அது கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். "பட்டியலைக் கொடு, ஒரு பெயர் சேர்க்கவேண்டும்" என்று கேட்டால், அவர் உள்ளே போய் நகல் எடுத்துவந்து பணிவாக நீட்டுவார். நீங்கள் அந்த நகலில் பெயரை எழுதிவிட்டு, காரியம் முடிந்தது என்று நடையைக் கட்டுவீர்கள். அவர் நகலைக் கசக்கிக் குப்பையில் போடுவார். உள்ளே இருக்கும் அசல் அப்படியே இருக்கும். பெயரை நீக்கப் போனாலும் அதே கதைதான்.

பட்டியலை முழுசாகக் கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் அந்தக் குமாஸ்தா வாங்கி உள்ளே வைப்பார். திறப்பு விழாவில் சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தியபோது அப்படித்தான் முதல் பட்டியல் உள்ளே போனது. அன்றிலிருந்து ஒருவரும் சேரவில்லை, ஒருவரும் நீங்கவில்லை. ஒவ்வொரு முறையும் பிஎச்பி பாவம் கத்தித்தான் இருக்கிறது, இப்படி எழுதினால் ஒன்றும் நடக்காது என்று. எச்சரிக்கை வாசகங்கள் திரையில் தெரிவது விருந்தினர் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கிறது என்று சுந்தரம் சொன்னதால், அவற்றை யாரோ மொத்தமாக மறைத்து வைத்திருந்தார்கள்.

தீர்வு ஒரே ஒரு எழுத்து. எழுத்துகூட இல்லை, ஒரு குறி. கீழ்த்தளத்து நகைக்கடைப் பலகையில் தகப்பன் பெயருக்கும் மகன்களுக்கும் நடுவே வளைந்து உட்கார்ந்திருக்கிறதே, அந்த & குறி. அதைச் செயற்கூறின் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டால் குமாஸ்தா நகலை நீட்டமாட்டார், அசலையே மேசைமேல் வைப்பார்.

இம்ரான் ஓட்டமாகப் போய்த் திட்ட மேலாளர் ரோஷினியிடம் சொன்னான். ரோஷினி நல்ல பெண். கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கோப்பியைச் சூடாகக் குடிக்க நேரம் கிடைக்காதவள்.

"ஒரே ஒரு கேரக்டர் ரோஷினி. இப்பவே போட்டுடவா?"

"ஐயோ, தொட்டுடாத! கோட் சேஞ்ச்னா கமிட்டிக்குப் போகணும் லா. போன வருசம் லோகோவ கொஞ்சம் பெருசாக்குனதுக்கே மூணு மீட்டிங்."

"ரெண்டு வருசமா ஒரு பேருகூட ஏறல. தெரியுமா உனக்கு?"

அவள் கோப்பியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "அத மட்டும் மீட்டிங்ல சொல்லாத. ஜீரோ கம்ப்ளெய்ன்ட்னு ரிப்போர்ட் போயிருக்கு."

"கம்ப்ளெய்ன்ட் எப்படி வரும்? எல்லாருக்கும் தேங்க் யூ மெயில்ல போகுது!"

மாற்றப் பரிசீலனைக் குழு கூடியது. குளிர்சாதனம் உறையும்படி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் தின்னக் கறிபாப். தலைமையில் சுந்தரம். மனிதர் வீட்டிலும் கோப்பிக்கடையிலும் நம்மைப்போலத்தான் பேசுவார். கூட்டம் என்று வந்துவிட்டால் செய்தி வாசிப்பவர்போல ஆகிவிடுவார்.

இம்ரான் விளக்கினான். குமாஸ்தா, நகல், குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் சொன்னான். சுந்தரம் கண்ணை மூடிக் கேட்டார்.

"அருமை," என்றார். "அதாவது, நமது அசல் பட்டியலை இதுவரை எவராலும் தொட முடியவில்லை என்கிறீர்கள்."

"ஆமா சார். அதுதான் பிரச்சினை."

"தம்பி, அதற்குப் பெயர் பாதுகாப்பு. மற்ற அமைப்புகள் இதற்காக இலட்சக்கணக்கில் செலவழிக்கின்றன. பொதுமக்கள் தொடுவதற்குத்தான் நகல் இருக்கிறதே. அவர்கள் எழுதுகிறார்கள், மனநிறைவோடு செல்கிறார்கள். நாமும் நன்றி தெரிவிக்கிறோம். இதில் எந்த இடத்தில் சேவை குறைந்தது?"

"சார், இறந்தவங்க பேரு பட்டியல்ல இருக்கு. உயிரோட இருக்கிறவங்க பேரு இல்ல."

"நமது கழகம் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை ஒரு பயனாளரைக்கூட நாம் இழந்ததில்லை. ஆண்டறிக்கையில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தீவில் வேறு எந்த முதியோர் அமைப்பு இப்படிச் சொல்ல முடியும்?"

மேசையைத் தட்டினார்கள். ஓர் உறுப்பினர், அந்தக் குறிக்குத் தமிழில் பெயர் உண்டா என்று கேட்டார். இம்ரானுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத ஒன்றை நிரலில் அனுமதிப்பது எப்படி என்று அவர் வருந்தினார். இன்னொருவர், குறியை முதலில் ஒரு வேனில் மட்டும் பரீட்சித்துப் பார்க்கலாமே என்றார். மூன்றாமவர், இரண்டாவது கறிபாப்பை எடுத்தபடியே, குறி வளைந்திருப்பதால் முதியோருக்குப் படிக்கச் சிரமமாக இருக்காதா என்றார். அதை முதியோர் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று இம்ரான் சொன்னதும், அப்படியானால் வெளிப்படைத்தன்மை எங்கே என்று அவரே திருப்பிக் கேட்டார்.

இம்ரான் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஓடிக்கொண்டிருந்தது. கிளமெண்டியில் உம்மாவை இயந்திரத்திலிருந்து எடுத்திருப்பார்கள். தனியாகப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். பொறுக்கமுடியாமல் வாயைவிட்டான்.

"சார், என் உம்மாவே இந்தப் பட்டியல்ல ஏறமுடியாம இருக்காங்க!"

சுந்தரம் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியா? இந்த மாற்றத்தால் உங்கள் தாயாருக்குப் பலன் உண்டா?"

"உண்டு சார்."

"அப்படியென்றால் இது சொந்த நலன் கலந்த விவகாரம். நீங்கள் இந்த நிரலைத் தொடவே கூடாது. இந்தப் பட்டியலால் எந்தப் பயனும் அடையாத ஒருவர்தான் இதில் கைவைக்கவேண்டும்."

அப்படிப்பட்டவர்கள் நாட்டில் ஏராளம், கழகத்தின் நன்றிக் கடிதத்தை வாங்கியவர்கள் அத்தனை பேரும் அதில் சேர்த்தி. ஆனால் அவர்களுக்கு பிஎச்பி தெரியாது. இம்ரான் நேர்மைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பப்பட்டான். சொந்த நலனை அடையாளம் காண்பது எப்படி என்று ஒருநாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்து, முடிவில் அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

பிறகு நடந்ததற்கு ரோஷினியைக் குறை சொல்லமுடியாது. அவள் இரக்கப்பட்டுத்தான் செய்தாள். பட்டியலை முழுசாகக் கொடுத்தால் குமாஸ்தா வாங்கிக்கொள்வார் என்று இம்ரான் கூட்டத்தில் சொன்னது அவள் மனத்தில் இருந்தது. நிரலை மாற்றினால்தானே குழு? தரவைப் போடுவதற்குக் குழு வேண்டாமே? அவள் புதிதாக ஒரு பட்டியலைத் திறந்து, அதில் ஜைனப் என்று தட்டி, முழுசாக உள்ளே அனுப்பிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போனாள். முழுசாக என்றால் பழைய பட்டியல் போய் அந்த இடத்தில் இது உட்காரும் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை வேன் டாணென்று வந்தது. அகிலன் இறங்கிவந்து ஜைனபுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கம்மா. உங்க பேரு வந்துடுச்சு!"

ஜைனப் பிஸ்மில்லா சொல்லி ஏறினார். உள்ளே ஒருவரும் இல்லை. குவீன்ஸ்டவுனில் ஏறுகிறவர்கள், ஜைனபோடு அதே நிலையத்தில் சிகிச்சை பெறும் கிளமெண்டி லீலா, யாருக்காகவும் வேன் எங்கும் நிற்கவில்லை. டேப்லெட்டில் ஒரே பெயர். நிலையத்தில் தாதியர் ஆளாளுக்குத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, வராத நோயாளிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். லீலா வெகுநேரம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் காரில், மூச்சிரைக்க வந்தார்.

"கீழயே நின்னேன்க்கா," என்றார் ஜைனபிடம். "வேன் என்னத் தாண்டி போச்சு. கைய ஆட்டுனேன். உள்ள நீங்க உக்காந்திருந்தீங்க."

அன்று மாலை ஜைனப் வீட்டுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தன பேரு வயித்துல அடிச்சுட்டு எனக்கு எதுக்குடா வேனு? லீலா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நான் செய்யல உம்மா. என்னத் தொடவே விடல."

"நீதானே அங்க கம்ப்யூட்டர் வேல பாக்குற? யாரு செஞ்சா என்ன?"

அவனுக்கு வெட்கமாக இருந்தது. தான் செய்யாததற்கு வெட்கப்படுவது கொடுமை என்றும் தோன்றியது.

கழகத்திலோ கொண்டாட்டம். முந்தைய நாள் பயனாளர்களில் நூறு விழுக்காட்டினர் குறித்த நேரத்தில் சென்று சேர்ந்திருந்தனர். ஒரு வேனுக்கு ஒரு பயனாளர் என்ற உலகத்தரமான விகிதம் எட்டப்பட்டதாகச் சுந்தரம் ஊழியர்களிடம் உணர்ச்சிவசப்பட்டுப் பேசினார். நிலையத்திலிருந்து தாதியர் தலைவி கூப்பிட்டுப் போட்ட போட்டில்தான் பழைய பட்டியல் திரும்ப வைக்கப்பட்டது. ரத்தினம்மா உள்ளே வந்தார், ஜைனப் வெளியே போனார். "தங்கள் சேவை வெற்றிகரமாக மீட்டமைக்கப்பட்டது" என்று ஜைனபுக்குக் கடிதமும் வந்தது.

"இனிமே நான் போகல," என்றார் ஜைனப். "வேனும் வேணாம், டாக்ஸியும் வேணாம். உன் வேலையும் கெடுது, என் உடம்பும் தாங்கல. அல்லா விட்ட வழி."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. சோறு போடவா என்று கேட்கும் குரலிலேயே சொன்னார். அதுதான் இம்ரானை உலுக்கியது.

அந்த வார இறுதியில் கழகத்தின் ஆண்டுவிழா, குவீன்ஸ்டவுனில் ஒரு சமூக மண்டபத்தில். பயனாளர்களுக்கும் நன்றிக் கடிதம் வாங்கியவர்களுக்கும் நாற்காலி, பிரமுகர்களுக்கு மெத்தை நாற்காலி, எல்லோருக்கும் பிரியாணிப் பொட்டலம். மேடையில் பெரிய திரை. சுந்தரம் பேசப்பேச, திரையில் அந்தந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு இம்ரானை மடிக்கணினியோடு ஓரமாக உட்காரவைத்திருந்தார்கள். நிரலைத் தொடாதே என்று ரோஷினி மூன்றுமுறை சொல்லிவிட்டுப் போனாள். ஜைனபை லீலா வம்படியாக இழுத்துவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே," என்று சுந்தரம் தொடங்கினார். "நமது கழகத்தின் பெருமை அதன் நிலைத்தன்மை. முதல் நாள் எத்தனை பேரோ, இன்றும் அத்தனை பேர். புதியவர்களுக்கு நாம் கதவை அடைத்தோமா? இல்லை. ஆயிரமாயிரம் நன்றிக் கடிதங்களை அனுப்பியிருக்கிறோம். பழையவர்களைக் கைவிட்டோமா? ஒருபோதும் இல்லை. அவர்களே விலக நினைத்தாலும் நாம் விடுவதில்லை. இதோ பட்டியல்!"

திரையில் பட்டியல் வந்தது. முதல் வரிசையில் ஒரு முதியவர் எழுந்து, தன் மனைவியின் பெயரைக் கண்டு, கையை நீட்டிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் இறந்து பலமாதம் ஆகியிருந்தது. பிறகு அவர் உட்கார்ந்து முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

இம்ரான் அவரைப் பார்த்தான். உம்மாவைப் பார்த்தான். உம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கால் வீக்கத்தை இன்னொரு காலால் மறைத்துக்கொண்டிருந்தார். அவனுக்குள் எரிந்தது. நிரலைத் திறந்தான். திரையில் பட்டியல் போய், கறுப்புப் பின்னணியில் பிஎச்பி வரிகள் தெரிந்தன. சுந்தரம் அதற்கு முதுகு காட்டி நின்றதால் பேச்சை நிறுத்தவில்லை. அந்தக் குறியை, அத்தனை பேர் கண்முன்னால், ஆள் உயரத்துக்குத் தெரியும்படி போட்டான். பிறகு நன்றிக் கடிதம் போன விண்ணப்பங்கள் எல்லாவற்றையும் மறுபடியும் குமாஸ்தாவிடம் கொடுத்தான். அவற்றையெல்லாம் கழகம் பத்திரமாக வைத்திருந்தது. எத்தனை பேருக்கு நன்றி சொன்னோம் என்று கணக்குக் காட்டவேண்டுமே. இறந்தவர் பெயரை நீக்கச் சொல்லிக் குடும்பத்தார் எழுதிப்போட்ட விண்ணப்பங்களும் அதில் இருந்தன.

"...ஒரு பெயர்கூட இங்கே அழிந்ததில்லை," என்று சுந்தரம் சொல்லிக்கொண்டிருக்கையில், பட்டியல் திரும்பி வந்தது. ரத்தினம்மாவின் பெயர் இல்லை. முதியவரின் மனைவி பெயரும் இல்லை. அந்த இடங்களில் புதுப் பெயர்கள் வரிசையாக இறங்கின. கூட்டத்தில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, "இந்தா என் பேரு! வந்துடுச்சு பாரு!" என்று கூவினார்கள். தன்னைத்தான் வாழ்த்துகிறார்கள் என்று எண்ணிச் சுந்தரம் கைகூப்பினார்.

ஜைனப் கூவவில்லை. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு லீலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இம்ரானின் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது. அதற்குக் குழு தேவைப்படவில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சுந்தரம் முகம் சிவந்திருந்தார். அன்று செய்தித்தமிழ் அவருக்கு வரவில்லை.

"யாரக் கேட்டு அந்தக் குறிய போட்ட? ரோஷினி, ஒடனே எடுக்கச் சொல்லு அத!"

ரோஷினி குனிந்து குறிப்பேட்டைப் புரட்டினாள். அவள் சிரிக்கிறாளா இல்லையா என்று இம்ரானுக்குத் தெரியவில்லை.

"சார், எடுக்கிறதும் கோட் சேஞ்ச்தான். கமிட்டிக்குப் போகணும்."

"அப்ப கமிட்டியக் கூட்டு!"

கூட்டினார்கள். அனுமதியில்லாமல் வந்த குறியை எடுத்தே ஆகவேண்டும் என்பதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் எடுப்பதால் பாதிக்கப்படுபவர்களின் கருத்தை முதலில் அறியவேண்டும் என்று விதி இருந்தது. பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் நேரில் கண்டு, அவரவர் மொழியில் கேட்டு எழுதவேண்டும். இப்போதோ பட்டியலில் நாளுக்கு நாள் ஆள் கூடிக்கொண்டே போனது. ஆய்வுக்குப் போனவர்கள் ஒரு பகுதியை முடிப்பதற்குள் புதிதாக இன்னொரு பகுதி சேர்ந்துவிட்டது. எல்லோரையும் கேட்டு முடிக்காமல் குறியைத் தொடுவது கழகத்தின் மரபுக்கு விரோதம் என்று சுந்தரமே கையெழுத்திட்டார்.

இம்ரான் வேலை தேடிக்கொண்டிருந்தான். ஒரு நேர்காணலுக்காகத் தேக்காவில் இறங்கி, நேரமிருக்கிறதே என்று கோப்பிக்கடையில் உட்கார்ந்து, உட்காரமுடியாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்துகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. உம்மா. பின்னால் ஒரே இரைச்சல்.

"என்ன உம்மா? வேன் வரலையா?"

"வந்துச்சு, வந்துச்சு. உள்ள எள்ளு போட எடமில்ல! அகிலன் தம்பி முன்னால ஒருத்தர உக்காரவச்சிருக்கு. என் பையி லீலா மடியில இருக்கு, லீலா கோலு என் மடியில இருக்கு. ஒரு மனுசி கால நீட்ட முடியுதா? இதுக்கு டாக்ஸியே தேவலடா."

"அப்ப நாளன்னைக்கு டாக்ஸி போடவா உம்மா?"

"வேணாம் வேணாம்," என்றார் ஜைனப் அவசரமாக. "திரும்பும்போது லீலா சன்னலோரம் எடம் புடிச்சு வக்கிறேன்னு சொல்லியிருக்கு. நான் வரேன்னுட்டேன்."